முதல் கேத்தல்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா. சால்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்ளுங்கள், இந்தக் குளிர் காது வழியாகத்தான் உள்ளே இறங்கும். பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் இடம் விடுங்கள். ஒரு கதை சொல்கிறேன். இது ராஜா ராணி கதை இல்லை. ஆனாலும் நாடுகள் வரும், நாடுகளை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறவர்கள் வருவார்கள். எல்லாம் கடைசியில் ஒரு லயத்துச் சுவரில் வந்து நிற்கும். அந்தச் சுவர் வரைக்கும் கூட வாருங்கள்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே, பஸ் ரோட்டை விட்டு ஏறிப் போனால் ஒரு தேயிலைத் தோட்டம். கோசலா அங்கே லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறை ஒன்றில், பிறந்தவள். கொட்டகலையில் படித்தாள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனாள். காதோரம் நரைக்கிற வயதில் அவள் பெயர் பெரிய பெரிய கூட்டங்களில் அடிபட்டது.

அவளுக்கு என்ன வேலை என்று லயத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "பேங்குல பெரிய ஆளு" என்பார் ஒருவர். "சும்மா இரு, அது வக்கீலு" என்பார் இன்னொருவர். நான் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு நாடு அடாவடி பண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாட்டுக்குள் படையோடு நுழைகிறது, இல்லாவிட்டால் சொந்த ஜனங்களையே சுடுகிறது. குண்டு போடாமல் அதை மடக்க வேண்டும். அப்போது மற்ற நாடுகள் கூடிப் பேசி, இனி இதனிடம் வாங்காதே, இதற்கு விற்காதே, இதன் பணம் நம் வங்கிக்குள் வரக்கூடாது என்று கதவைச் சாத்தும். பொருளாதாரத் தடை என்று பேப்பரில் போடுகிறார்களே, அதுதான். எந்தக் கதவைச் சாத்துவது, எந்த ஜன்னலைத் திறந்து வைப்பது என்று அரசாங்கங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கோசலாவின் தொழில். அதில் அவள் கெட்டிக்காரி.

ஒரு நாட்டுக்குத் தடை எழுதும்போது அவள் சொன்ன யோசனைதான் அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. அந்த நாட்டோடு யார் கொடுக்கல் வாங்கல் வைத்தாலும் அவர்களுக்கும் அதே கதவடைப்பு என்று எழுதச் சொன்னாள். "சுற்றி நிற்கிறவர்களுக்கும் பயம் வேண்டும். பயம் இருந்தால்தான் வேலி நிற்கும்" என்று அந்தக் கூட்டத்தில் சொன்னாள். வேலி நன்றாகவே நின்றது.

பிறகு அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்துவர அவளையே அனுப்பினார்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தடை இல்லை என்று அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அங்கே போய்ப் பார்த்தால் அலமாரி எல்லாம் காலி. வயதான டாக்டர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "மருந்துக்குத் தடை இல்லைதான் அம்மா. ஆனால் விற்கிறவருக்குப் பயம். பணத்தை அனுப்புகிற வங்கிக்குப் பயம். கப்பல்காரனுக்குப் பயம். தடுத்தவர் என்று ஒருவர் இருந்தால் அவரைத் திட்டலாம். இங்கே நாங்கள் யாரைத் திட்டுவது?" என்றார். அந்தக் கேள்வி அவளோடு விமானம் ஏறி வந்தது. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அவளுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்தைச் சாக்காக வைத்து ஊருக்கு வந்துவிட்டாள்.

அண்ணன் நாகலிங்கம் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். அண்ணி மீனம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறவள். அவர்கள் மகள் சுலக்ஷனாவைக் கந்தப்பளையில் மதுரன் என்ற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் பலகாரச் சட்டியும் புதுப் பாயும் பந்தலுக்கு வாங்கிய கயிறுமாகக் கால் வைக்க இடமில்லை. கல்யாணத்தன்று ஊருக்கே தேத்தண்ணி ஊற்றுவதற்கென்று மீனம்மா ஆசையாக வாங்கிய பெரிய கேத்தல் ஒன்று, பளபளவென்று, அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த லயம் இரட்டை லயம். முன்பக்கம் ஒரு வரிசைக் காம்பரா, பின்பக்கம் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே சுவர். முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்த மாதிரி வீடுகள். இந்த வீட்டில் அப்பளம் பொரித்தால் அந்த வீட்டுக்குக் கேட்கும்.

வந்த அன்று சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. அடி வயிற்றிலிருந்து வருகிற இருமல்.

"யாருண்ணி அது?"

மீனம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆண்டியப்பண்ணே" என்று மெல்லச் சொன்னாள். உடனே குரலை உயர்த்தி, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள். கோசலாவுக்குப் புரிந்தது. போன தடவை வந்தபோது இருந்ததுபோலவே, அந்த வீட்டுப் பெயரை இந்த வீட்டில் இன்னும் சொல்லக்கூடாது.

ஆண்டியப்பனின் பெண்சாதி ரத்னா. கோசலாவும் ரத்னாவும் ஒரே பஸ்ஸில் கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள்.

நடந்தது இதுதான். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் சம்பள உயர்வு கேட்டு மலை முழுக்க வேலையை நிறுத்தினார்கள். அந்தத் தோட்டத்திலும் ஒரு கை கொழுந்தைத் தொடவில்லை. அப்போதுதான் ஆண்டியப்பனுக்கு மூச்சு முட்டிப்போனது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். மனேஜரை அங்கே தொர என்பார்கள். தொர, "கொழுந்து வந்தால் லொறி வரும்" என்றார். ரத்னா கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். பறித்து வந்து நிறுக்கிற மடுவத்தில் கொட்டினாள். புருஷன் பிழைத்தான். ஆனால் தொர அந்த ஒரு கூடையைப் படம் பிடித்து, 'என் தோட்டத்தில் வேலை நடக்கிறது' என்று மேலே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். மற்றவர்கள் பட்டினி கிடந்து கட்டிய கட்டு, அந்தத் தோட்டத்தில் அன்றைக்கே அவிழ்ந்துபோனது.

ஜனங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். கோயில் முன்னால் கூடினார்கள். அன்றைய தலைவர் கணேசமூர்த்தி சூடம் கொளுத்தினார். அந்த வீட்டோடு பேச்சில்லை, நெருப்பில்லை, தண்ணீரில்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தில்லை, மீறிப் போகிற வீட்டுக்கும் இதே கதி என்று அவர் சொல்லச் சொல்ல, ஊரே அம்மனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னது. எவ்வளவு நாளைக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கோபத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. கணேசமூர்த்தியும் பிறகு செத்துப்போனார். சத்தியம் மட்டும் உயிரோடு இருந்தது.

மறுநாள் கோசலா பீலிக்கரைக்குப் போனாள். மலையிலிருந்து தண்ணீர் வந்து கொட்டுகிற இடம் அது. எல்லாரும் பிடித்துக்கொண்டு போன பிறகு ரத்னா குடத்தோடு வந்தாள். இவளைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றாள்.

"வா ரத்னா."

"நீ புடிச்சிட்டுப் போ. நான் அப்பறம் வாறேன்."

"நான் தண்ணி புடிக்க வரல. ஒன்னையப் பாக்கத்தான் வந்தேன்."

ரத்னா குடத்தை இறக்கி வைத்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "அப்படியா? போன தடவ வந்தப்ப என்னையக் கண்டதும் போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டியே. போன்ல யாருடி இருந்தா?"

கோசலா தலை குனிந்தாள். "யாருமில்ல."

"தெரியும். போன் தலகீழா இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"ஒன்னைய டிவியில காட்டுனாங்க. நீ என்னா வேல செய்யுறேன்னு லயத்துல யாருக்கும் வெளங்கல. எனக்கு ஒடனே வெளங்கிருச்சு" என்றாள் ரத்னா. "நாந்தான்டி அந்த நாடு."

கோசலா பீலிக்கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் செய்யலன்னு சொல்லல. செஞ்சேன். இன்னொரு தடவ அவரு அப்படிக் கெடந்தாலும் செய்வேன். தப்புன்னா தப்புதான். ஆனா அந்தத் தப்புக்கு எத்தன காலம், என்னா செஞ்சா தீரும்னு இன்னைய வரைக்கும் யாரும் சொல்லல. கேக்கலாம்னா பேச்சே இல்லயே, யாருகிட்ட கேக்குறது?" குடத்தைப் பீலிக்குக் கீழே நகர்த்தினாள். "அவரு இனி ரொம்ப நாள் தாங்கமாட்டாரு கோசலா. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. எங்கிட்ட யாரும் பேச வேணாம், நான் பழகிட்டேன். அவரத் தூக்க நாலு தோளு வேணும். குழி வெட்ட ஆளு வேணும். நீ ஒலகத்துக்கே இந்த வேல பாக்குறவ. இத ஒண்ணப் பாத்துக் குடு."

அண்ணனிடம் சொன்னாள். நாகலிங்கம் பந்தல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிப்போனது.

"நான் போட்ட ஊர்க்கட்டு இல்லம்மா. கணேசமூர்த்தி போட்டது."

"அவருதான் செத்துட்டாரே அண்ணே."

"ஊரு சேந்து சொன்ன சத்தியம். ஊருதான் எடுக்கணும்."

"ஊருன்னா யாரு?"

"ஊருன்னா… ஊருதான்." கயிற்றைக் கீழே போட்டார். "இங்க பாரு தங்கச்சி. நீ வந்த எடத்துல ஏதாவது பண்ணி வச்சிட்டுப் போயிருவ. எம்மக கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆளு வராது, சமைக்க ஆளு வராது, கந்தப்பளைக்காரங்க வந்து வெறும் வாசலப் பாத்துட்டுப் போவாங்க. அந்தப் புள்ள மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

கோசலா லயம் லயமாக ஏறி இறங்கினாள். எல்லாருக்கும் ஆண்டியப்பன் மேல் இரக்கம் இருந்தது. எல்லாரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். அவர் வந்தால் நானும் வருவேன் என்றார்கள். வேறு ஊர்களில், வேறு மொழிகளில், கோட்டும் சூட்டும் போட்டவர்கள் வாயிலிருந்து அவள் கேட்டு வந்த அதே பேச்சு. தொழில் தெரிந்தவள் அல்லவா, ஒரு வழி யோசித்தாள். ஊர்க்கட்டை முழுதாக அவிழ்க்கச் சொல்லாமல், சாவுக்கு மட்டும் விலக்குக் கேட்டாள். கமிட்டி கோயிலில் கூடியது. முணுமுணுத்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். "அந்த வீட்ல எழவு விழுந்தா யாரு போனாலும் குத்தமில்ல" என்று நாகலிங்கமே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இருட்டினதும் யார் கண்ணிலும் படாமல் கோசலா ஓட்டமாகப் போய் ரத்னாவிடம் சொன்னாள். ரத்னா புருஷனின் மார்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். "சொல்லிட்டாங்க, சரி. வருவாங்களா?"

கோசலாவுக்குச் சுருக்கென்றது. காலி அலமாரிகளும் அந்த டாக்டரும் கண்முன்னால் வந்தார்கள்.

இரண்டொரு நாள் போனது. விடிகிற நேரம். மீனம்மா பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சல்லடையை நிறுத்தினாள்.

"என்னாண்ணி?"

"இருமல் நின்னுருச்சு."

வருஷக்கணக்காக அந்த இருமலோடு எழுந்து, அந்த இருமலோடு படுத்தவள் மீனம்மா. யாரும் வந்து சொல்லவில்லை. சுவர்தான் அவளுக்குச் சொன்னது.

கண்ணுகளா, தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு மலையில் வேலை இல்லை. அது பழைய வழக்கம். தொரையே வந்து அதட்டினாலும் யாரும் கூடை தூக்கமாட்டார்கள். அன்றைக்கும் செய்தி பரவியதும் பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற இடத்துக்கு, ஒருவரும் போகவில்லை. கூடைகள் எல்லாம் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் தலையை முடிந்துகொண்டு நிலைப்படியில் வந்து நின்றார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கால் நகரவில்லை. வேலைக்கும் போகாமல், சாவுக்கும் போகாமல், அந்த மலை முழுக்க வாசல் வாசலாக ஜனம் நின்றது. மூடுபனி மேலே ஏறி வந்து அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு போனது. போகலாம் என்று சொல்லியாகிவிட்டது. யார் முதலில் போவது என்று யாரும் சொல்லவில்லை.

கோசலா தனியாக நடந்து போனாள். எல்லாக் கண்ணும் அவள் முதுகில். ரத்னாவின் காம்பராவுக்குள் போனாள், ஆண்டியப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள், வேண்டுமென்றே வெளியே தெரிகிற மாதிரி ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வெளியே வந்து பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை.

குழி வெட்டுகிற சிவசாமி மம்பட்டியைச் சுவரில் சாத்திவைத்து, பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவரிடம் போனாள்.

"அண்ணே, நான் போயிட்டு வந்துட்டேனே. எனக்கு ஒண்ணும் ஆகலயே. நீங்களும் வாங்க."

சிவசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். "நீங்க போறது வேற தங்கச்சி. ஒங்களுக்கு எங்கயிருந்து என்னா ஆகப்போகுது? நாளன்னைக்குப் பிளேன்ல ஏறிருவீங்க. நான் நாளைக்கும் இந்தப் பீலியிலதான் தண்ணி புடிக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. கோசலா படித்த படிப்பெல்லாம் அதையேதான் சொன்னது. இழக்க ஒன்றும் இல்லாதவர் வேலியைத் தாண்டினால் அது யாருக்கும் துணிச்சல் கொடுக்காது. அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாட்டுக்குப் பூட்டுப் போடத் தெரிந்தது, இந்த ஒரு வீட்டைத் திறக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்னா ஒப்பாரியை எடுத்தாள்.

ஒப்பாரியைத் தனி ஆளாக வைக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி எடுத்த அடியை அடுத்தவள் வாங்க வேண்டும், அவள் மூச்சு விடுகிற இடத்தில் இன்னொரு குரல் ஏறிக்கொள்ள வேண்டும். ரத்னா ஒரு அடி சொன்னாள். நிறுத்தினாள். வாங்க ஆளில்லை. அவளே அடுத்த அடியை இழுத்தாள், பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி முதலடிக்குப் போனாள். மறுபடி அதே இடத்தில் அறுந்தது.

மீனம்மா மாவுக் கையோடு அசையாமல் இருந்தாள். மூன்றாம் முறை அந்தக் குரல் அறுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே அந்த அடியை இவள் வாங்கினாள்.

பிறகு ரத்னாவின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் ஒரு அடி, இந்தப் பக்கம் ஒரு அடி. நடுவில் சுவர்.

நாகலிங்கம் ஓடி வந்தார். "ஏய், என்னா பண்ணுற நீ?"

"செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து அழுவுறேன். எங்க வீட்டுக்குள்ள. அதுக்கும் சத்தியமா?"

"கல்யாண வீட்ல ஒப்பாரியா வைக்கிற? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

மீனம்மா எழுந்தாள். கையைத் துடைத்தாள். அலமாரி மேலிருந்து அந்தப் புதுக் கேத்தலை இறக்கி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்தாள். நாகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். முதல் கேத்தல் சாயத்தண்ணி, பாலில்லாத தேத்தண்ணி, நடுச்சுவருக்கு மறுபக்கத்து முதுகு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அதுவும் வழக்கம்தான். முதல் கேத்தல் போன பிறகுதான் மற்றவர்கள் போவார்கள்.

"மீனம்மா… அது கல்யாணத்துக்கு வாங்குன கேத்தல். புதுசு."

"பெருசு இதுதாங்க. ஊரே வந்தாப் பத்தணும்ல."

நாகலிங்கம் கதவோரமாக நின்ற மகளைப் பார்த்தார். மகள் ஏதாவது சொல்லித் தடுப்பாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. சுலக்ஷனா அழுதுகொண்டுதான் நின்றாள். மருதாணி வைத்த கையால் சீனி டப்பாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "ரத்னாத்தைக்கு இனிப்புக் கூடப் போடணும்மா. சின்னப்புள்ளயில எனக்கு அவங்கதான் போட்டுக் குடுப்பாங்க" என்றாள்.

மீனம்மா கேத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். லயத்தைச் சுற்றிப் போக வேண்டும். கேத்தல் மூக்கிலிருந்து ஆவி அவளுக்கு முன்னால் போனது. வாசல் வாசலாக நின்ற ஜனம் பார்த்துக்கொண்டே இருந்தது. கல்யாணப் பெண்ணின் தாய், தலைவர் பெண்சாதி, எல்லாரையும் விட இழக்க அதிகம் வைத்திருக்கிறவள், ரத்னாவின் வாசற்படி ஏறினாள். உள்ளே இரண்டு பெண்களும் கட்டிக்கொண்ட சத்தம் வெளியே கேட்டது.

கோசலா அப்போது சும்மா நிற்கவில்லை. அவள் தொழிலில் கற்ற ஒன்று இருந்தது. முதலில் போகிறவர் தனியாக நின்றுவிட்டால், வேலி முன்னை விட உயரமாக வளர்ந்துவிடும். சீக்கிரம் இரண்டாவது ஆள் வேண்டும். நேரே சிவசாமியிடம் ஓடினாள்.

"அண்ணே, என்னைய விடுங்க. எங்கண்ணி உள்ள இருக்காங்க. அவங்கள ஒத்தையில விடப்போறீங்களா?"

சிவசாமி அந்த வாசலைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, மம்பட்டியைத் தோளில் வைத்தார். "நமக்குன்னு ஒரு நாளு வரும்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மயானத்துப் பாதையில் இறங்கினார். அவர் பின்னால் ஒருவர் கடப்பாரையோடு போனார். அப்புறம் கீழ் லயத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கோசலா வீடு வீடாக "சிவசாமியண்ணே போயிட்டாரு, கீழ் லயம் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அதற்குப் பிறகு சொல்லத் தேவையில்லாமல் போனது.

எல்லாரும் வந்தார்களா என்று கேட்கிறீர்களா? இல்லை. மேல் லயத்தில் சில கதவுகள் கடைசி வரைக்கும் திறக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் அவர்கள் பட்ட பாடு பெரிது, அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

பாடை தூக்குகிற நேரம். மூன்று தோள் இருந்தது. நான்காவது ஆள் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாகலிங்கம் கோயில் பக்கமிருந்து வந்தார். கையில் சூடக் கரி ஒட்டியிருந்தது. துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக் குனிந்தார்.

அடக்கம் முடிந்து வந்து பீலியில் கால் கழுவும்போது தங்கையிடம் சொன்னார். "ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வந்தேன். சத்தியம் பண்ணுனதும் நாங்க, முறிக்கிறதும் நாங்க. கோவிச்சுக்கணும்னா என்னைய மட்டும் கோவிச்சுக்க, எம்மகள ஒண்ணும் செஞ்சிராதன்னு." காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "இந்த ஊருல இருக்குற யாராவது முன்னாடி போனாத்தான் மத்தவங்க வருவாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல. மொதல்லயே ஒங்கண்ணிகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எப்புடிண்ணே சொல்றது? மக கல்யாணத்தப் பணயம் வைங்கன்னு நான் கேக்க முடியுமா? அது அவங்களா எடுத்து வைக்கிறது."

கல்யாணம் நடந்தது. கந்தப்பளையிலிருந்து வந்த மதுரனின் பெரியப்பா ஒருவர், அந்தக் கேத்தல் கதையைக் கேள்விப்பட்டு, "சாவு வீட்டுக்குப் போன கேத்தல்லயா எங்களுக்கு ஊத்துறீங்க?" என்று முறுக்கிக்கொண்டு தேத்தண்ணியைத் தொடவே இல்லை. மதுரன் இரண்டாவது குவளை வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்த பிறகுதான் மீனம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துக்க வீட்டுக்காரி என்பதால் ரத்னா பந்தலுக்கு வரவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே கேத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வெறுங்கேத்தலாகக் கொடுக்கக்கூடாது என்பது வழக்கம். மூடியைத் திறந்தால் உள்ளே கழுத்து வரைக்கும் சீனி. அவள் வீட்டிலிருந்த சீனி மொத்தமும் அதுவாகத்தான் இருக்கும். மீனம்மா அதை அப்படியே கல்யாணத் தேத்தண்ணியில் போட்டாள்.

கோசலா வேலைக்குத் திரும்பிப் போனாள். போன பிறகு நடந்த முதல் கூட்டத்தில் இன்னொரு நாட்டுக்குத் தடை எழுதிக்கொண்டிருந்தார்கள். தடையே கூடாது என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒரு கூடைக் கொழுந்து எத்தனை வீட்டை நோகடித்தது என்பது அவளுக்குத் தெரியும். எல்லாரும் பேசி முடித்ததும் அவள் கேட்டாள்: "இது எப்போது முடியும் என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறோம்? முடிந்த அன்று முதலில் போகப்போகிறவர் யார்? அவர் பின்னால் நிற்க நாம் இருப்போமா?" மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் எழுதிக்கொண்டார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதில் வருகிற வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் பேனாவை மூடி வைத்தாள்.

இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், பனி இறங்குகிறது. பார்த்துக் கால் வைத்துப் போங்கள். உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும், உங்கள் அழுகைக்கு அது பதில் சொல்லட்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் உங்கள் வாசலில் கேத்தலோடு ஒருத்தி ஏறி வரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் போகிற கால் உள்ளவர்களாக வளரட்டும். உங்கள் வீட்டுச் சீனி டப்பா ஒருநாளும் காலியாகாமல், நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள்.